ஆச்சியும் ஒன்பது வாட்டும்

துபாயிலிருந்து 1994-ல் மாமா கொண்டுவந்த பெட்டியில் எல்லாருக்கும் ஏதாவது இருந்தது. எனக்கு கால்குலேட்டர். அம்மைக்கு ஸாரி. ஆச்சிக்கு மட்டும் ஒரு மேஜை விளக்கு. ஒயர் நடுவே சின்னதாக ஒரு திருகு. ஒரு பக்கம் திருகினால் பளிச். மறுபக்கம் திருகினால் வெளிச்சம் இறங்கி இறங்கி, பழுத்த மாம்பழ நிறத்துக்கு வந்து நிற்கும்.

“படிக்கவா போறேன்? எனக்கெதுக்குலே இது?” என்றாள் ஆச்சி. அன்று ராத்திரியிலிருந்து அது இல்லாமல் அவள் தூங்கியதில்லை.

கொட்டாரத்து வீடு பழைய ஓட்டு வீடு. ஆச்சி படுக்கும் அறைக்கும் பின்கட்டுக்கும் நடுவே ஒரு படி உண்டு. ராத்திரி இரண்டு தடவையாவது எழுந்து போகவேண்டும். இருட்டாக இருந்தால் படி தெரியாது. வெளிச்சமாக இருந்தால் தூக்கம் வராது. இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறதே, அதைத்தான் மாமா திருகில் வைத்துக் கொடுத்திருந்தார். மாமா போய் ஏழு வருஷம் ஆகிறது. ஆச்சி தினமும் ஒன்பது மணிக்கு அவர் காட்டிக்கொடுத்த அளவுக்குத் திருகிவிட்டுப் படுப்பாள்.

குண்டு பல்புகளை டஜன் கணக்கில் வாங்கி, ஒரு காலத்தில் நெல் கிடந்த பத்தாயத்தில் போட்டு வைத்திருந்தாள். போன ஆடியில் கடைசி பல்பும் அவிந்தது. மூன்றாம் நாள் ராத்திரி ஆச்சி அந்தப் படியில் தடுக்கி விழுந்தாள். மணிக்கட்டில் மாவுக்கட்டு.

தகவல் கேட்டு ஊருக்கு ஓடினேன். ஜங்ஷன் கடையில் அறுபது வாட் குண்டு பல்பு கேட்டதும், கடைக்காரர் என்னைப் பழைய காலணா நாணயம் போலப் பார்த்தார். “அதெல்லாம் இப்போ யாரு வாங்குகா? இத கொண்டு போங்க” என்று ஒன்பது வாட் எல்.இ.டி. கொடுத்தார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. 2015 ஜனவரியில் ஆரம்பித்த உஜாலா திட்டத்தில் மட்டும் நாடு முழுக்க 36 கோடிக்கு மேல் எல்.இ.டி. பல்புகள் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

மாட்டினேன். திருகினேன். பாதி தூரம் ஒன்றும் குறையவில்லை. இன்னும் கொஞ்சம் திருகினதும் பல்பு பேய்ப் படத்து பங்களா மாதிரி மினுக்க ஆரம்பித்தது. கூடவே வண்டு போல ஒரு ரீங்காரம்.

“மக்கா, மின்னலு வெட்டுகா?” என்றாள் ஆச்சி, கண்ணை மூடிக்கொண்டே.

இந்த இடத்தில் கொஞ்சம் சயின்ஸ். பொறுத்துக்கொள்ளவும். நம் வீட்டுக் கரண்டு விநாடிக்கு 50 சுற்று சுற்றுகிறது. சுற்றுக்கு இரண்டு அலை என்றால் நூறு அலை. திருகுக்குள் இருக்கும் ட்ரையாக் என்கிற சமாசாரம், ஒவ்வொரு அலையிலும் முன்பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் அனுப்பும். குண்டு பல்பு இதைப் பொருட்படுத்தாது. அது தோசைக்கல் ஜாதி. அடுப்பு ஒரு கணம் அணைந்தாலும் சூடு ஆறாது.

எல்.இ.டி.க்குள்ளே டிரைவர் என்று ஒரு குட்டி சர்க்யூட் உட்கார்ந்திருக்கிறது. ரொம்பக் கடமையுணர்ச்சி. வரும் கரண்டு ஏறினாலும் இறங்கினாலும் ஒரே அளவு வெளிச்சம் தரவேண்டும் என்பது அதற்கிட்ட கட்டளை. நாம் ‘கொஞ்சம் குறை’ என்று வெட்டி அனுப்பினால், அது ‘சப்ளை சரியில்லை’ என்று நினைத்து இழுத்துப் பிடித்துச் சமாளிக்கிறது. முடியாதபோது மயங்கி விழுகிறது. எழுகிறது. மறுபடி விழுகிறது. அதுதான் அந்தப் பேய்ப் பட மினுக்கல். சி.எஃப்.எல். காலத்திலும் இதே கதைதான். அப்போது ஒன்றை மாட்டிப் பார்த்து, அது பத்து நாள்கூடத் தாங்காமல் செத்தது ஞாபகம் வந்தது.

அட்டைப்பெட்டியை எடுத்துக் கண்ணாடி போட்டுப் பார்த்தால், ஒரு மூலையில் எறும்பு எழுத்தில் ‘நான்-டிம்மபிள்’.

நாகர்கோவிலில் நாலு கடை ஏறி இறங்கி ‘டிம்மபிள்’ என்று அச்சடித்த பல்பைப் பிடித்தேன். வெட்டி அனுப்புவது குறைக்கச் சொல்லும் உத்தரவு என்று இதன் டிரைவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மினுக்கல் போச்சு. பாதி வரை அழகாகக் குறைந்தது. அதற்குக் கீழே பட்டென்று அணைந்தது!

பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் தம்பி திருகை உற்றுப் பார்த்தார். “அண்ணாச்சி, இது அறுபது, நூறு வாட்டு இழுக்க பல்புக்குள்ள சாமானம். ஒம்பது வாட்டு இதுக்கு ஒரு பாரமே இல்ல. வண்டில ஆள் ஏறுனதே மாட்டுக்குத் தெரியாது.” சரிதான். கொஞ்சமாவது கரண்டு ஓடிக்கொண்டிருந்தால்தான் ட்ரையாக் திறந்து நிற்கும். எல்.இ.டி.க்கென்றே செய்த திருகு தனியாக உண்டாம். மாற்றிவிடலாமா என்றார்.

“அது அவன் வாங்கிட்டு வந்தது” என்றாள் ஆச்சி. பேச்சு அத்துடன் முடிந்தது.

நானும் விடவில்லை. கால்குலேட்டரை (அதேதான், இன்னும் ஓடுகிறது) எடுத்து உபதேசத்தில் இறங்கினேன். “ஆச்சி, குண்டு பல்பை பத்தில் ஒரு பங்கு வெளிச்சத்துக்குக் குறைச்சாலும் கரண்டு மூணில் ஒரு பங்கு ஓடும். அறுபது வாட்டில் இருபது. இந்தப் புது பல்பு பளிச்சுனு எரிஞ்சாலே ஒம்பதுதான். நீங்க மங்கலா வச்சுக்கிட்டு இதைவிட ரெண்டு மடங்கு செலவழிச்சிருக்கீங்க.”

“வெளிச்சமும் வெள்ளையால்லா இருக்கு. ஆசுபத்திரில கெடக்க மாதிரி.”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. குண்டு பல்பு குறையக் குறையச் சிவக்கும். எல்.இ.டி. எவ்வளவு குறைந்தாலும் பெரும்பாலும் நிறம் மாறாது. மஞ்சள் வேண்டுமென்றால் 2700 கெல்வின் என்று கேட்டு வாங்கியிருக்கவேண்டும். நான் வாங்கினது 6500, தும்பைப்பூ வெள்ளை.

தம்பி யோசித்து, கடைசியாக ஒரு வித்தை செய்தார். பையிலிருந்து ஒரு ஜீரோ வாட் பல்பை எடுத்து, அதே திருகில் இணையாக இன்னொரு ஹோல்டர் போட்டு மாட்டினார். பேர்தான் ஜீரோ. அந்தக் காலத்து மீட்டர் கண்டுகொள்ளாததால் வந்த பேர். உண்மையில் பதினைந்து வாட் வரை இழுக்கும். அந்தப் பாரம் சேர்ந்ததும் திருகு சொன்னபடி கேட்டது. எல்.இ.டி. கடைசி வரை இறங்கியது. மிச்சம் பிடிக்க வந்த பல்புக்குத் துணையாகத் தின்னிப் பண்டாரம் ஒன்று!

நானும் தம்பியும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டிருந்தோம். ஆச்சி மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்தபடி இரண்டு பல்பையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“மக்கா, இந்தச் சின்னது ஒண்ணே போதுமே. படி தெரியுகு. அந்த வெள்ளைய கழத்திரு.”

கழற்றினேன். திருகைப் பிடித்துப் பழைய அளவுக்குக் கொண்டுபோக ஆரம்பித்தாள். கொஞ்சம் அதிகமாகவே மங்கியது. திரும்ப ஏற்றினாள். அரைமணியில் குறட்டைச் சத்தம் கேட்டது.

டிம்மபிள் பல்பு என் சட்டைப்பையில் இருக்கிறது. கடையில் திரும்ப எடுக்க மாட்டார்களாம்.