சீட்டுக்கு இருபது ரூபாய், சீக்காளிக்கு?

ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் சாலையை ஒட்டிய கிளினிக் ஒன்றின் பெஞ்சில் நம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் ஒரு முன்னாள் ஆலைத் தொழிலாளி. மடியில் மஞ்சள் பை; பைக்குள் இருபது வருஷத்து மருந்துச் சீட்டுகள், எக்ஸ்ரே படங்கள். "இதுதான் நம்ம சர்வீஸ் புக்கு" என்றார் இருமலுக்கு இடையே. அவர் முறை வந்தது. மேசைக்கு அப்பால் இருந்த பெண் ஆதார் எண்ணைக் கேட்டார். பிறகு போனுக்கு வந்த ரகசிய எண்ணைக் கேட்டார். போன் மகன் கையில், மகன் வேலையில். பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம் போன் வாங்கி, மகனைக் கூப்பிட்டு, அந்த ரகசிய எண்ணைப் பெஞ்சில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி உரக்கச் சொன்னார். "எதுக்கும்மா இது?" என்று கேட்டதற்குக் கிடைத்த பதில்: "கவர்மெண்ட் கார்டு, தாத்தா."

அது என்ன கார்டு? தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆபா என்று பெயர் சூட்டப்பட்ட 14 இலக்க எண் அது. நோயாளியின் சீட்டு, சோதனை முடிவு, டிஸ்சார்ஜ் குறிப்பு ஆகியவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அந்த எண்ணோடு கோத்துவிடுவது திட்டம். இதை 5 லட்ச ரூபாய் வைத்தியக் காப்பீட்டு அட்டை என்று எண்ணி ஏமாறுவோர் நம் தெருக்களில் ஏராளம். அது வேறு, இது வேறு. இந்த எண்ணைக் காட்டினால் ஒரு மாத்திரைகூட இலவசமாகக் கிடைக்காது!

2020 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையிலிருந்து பிரதமர் இத்திட்டத்தை அறிவித்தார். முதற்பரிசோதனைக்கு எங்கே போனார்கள்? உத்தரப் பிரதேசத்துக்கா, குஜராத்துக்கா? இல்லை, ஆறு யூனியன் பிரதேசங்களுக்கு. அந்த ஆறில் சட்டமன்றம் உள்ளது புதுவை ஒன்றுதான். டில்லி நேரே கைநீட்டக்கூடிய இடங்களே சோதனைக்கூடமாயின. 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுதும் விரித்தார்கள். 2022 பிப்ரவரியில் ஐந்தாண்டுகளுக்கு 1,600 கோடி ரூபாய் என்று மத்திய மந்திரிசபை ஒப்புதல் தந்தது.

டாக்டர்கள் அசைந்து கொடுக்கவில்லை. ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கிறவர் தட்டச்சு அடித்துக்கொண்டு இருப்பாரா? ஆகவே வந்தது ஊக்கத்தொகை. 2023 ஜனவரி 1 முதல் என்று அறிவித்த திட்டத்தின்படி, கிளினிக்குகளும் பத்துப் படுக்கைக்குக் குறைந்த சிறு ஆஸ்பத்திரிகளும் மாதம் 100 பதிவுகளைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு பதிவுக்கும் 20 ரூபாய். பரிசோதனைக்கூடங்களுக்கு 500ஐத் தாண்டிய ஒவ்வொன்றுக்கும் 15 ரூபாய். மென்பொருள் விற்கும் கம்பெனிக்கு, ஆஸ்பத்திரி ஈட்டும் தொகையில் கால்பங்கு அளவு தனியே. உச்சவரம்பு 4 கோடி ரூபாய்!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 1,000 பேரை எண்ணோடு கோக்கும் ஒரு கிளினிக்குக்கு 900 பதிவுக்குத் தொகை: 18,000 ரூபாய். கம்பெனிக்கு 4,500. மஞ்சள் பையோடு வந்த பெரியவருக்கு? பூஜ்யம். அவருடைய இருமல்தான் சரக்கு. ஆனால் சரக்குக்குச் சொந்தக்காரர் விலை பேசும் இடத்திலேயே இல்லை. இருமல் நின்றதா என்று எவரும் கேட்பதில்லை. பதிவு ஏறியதா என்பதே கேள்வி.

இயந்திரம் வேண்டாம் என்கிறோமா? இல்லவே இல்லை. மின்பதிவு வேண்டும், யாரையும்விடத் தொழிலாளிக்குத்தான் அதிகம் வேண்டும். பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய், நஷ்டஈட்டுக்கு உரியதெனச் சட்டப் பட்டியலில் உள்ள தொழில்நோய். நஷ்டஈடு கேட்டால் முதல் கேள்வி, "அத்தாட்சி எங்கே?" எட்டு மணி நேர வேலைக்காக 1936 ஜூலை 30 அன்று பன்னிரண்டு உயிர்களைப் பலி கொடுத்தவர்கள் புதுவை ஆலைத் தொழிலாளர்கள். அவர்கள் உழைத்த ரோடியர் மில் 2020 ஏப்ரல் 30 உடன் மூடப்பட்டது. எத்தனை பேர் மார்பில் எவ்வளவு பஞ்சு படிந்தது என்பதற்கு இன்று மிஞ்சியிருக்கும் ஏடு, வீட்டுப் பரணில் கிடக்கும் மஞ்சள் பைகள்தாம். மழையில் நனைந்தால் அதுவும் போச்சு. இந்தக் குறிப்புகள் அழியாமல் இருந்து, கோரிமேட்டு ஜிப்மரில் உள்ள டாக்டரும் கதிர்காமத்தில் உள்ள டாக்டரும் ஒரே வரலாற்றைப் படிப்பார்களானால் நமக்குக் கசக்குமா?

ஆனால் அதே குறிப்பை முதலாளியும் படித்தால்? இருமல்காரன் என்று தெரிந்து கேட்டிலேயே திருப்பி அனுப்பினால்? காப்பீட்டுக் கம்பெனி படித்துவிட்டுப் பிரீமியத்தை ஏற்றினால்? "உங்கள் அனுமதி இல்லாமல் ஒன்றும் நகராது, குறிப்புகள் அந்தந்த ஆஸ்பத்திரியிலேயே இருக்கும்" என்கிறது சர்க்கார். ஏட்டளவில் அது உண்மையே. ஆனால் அந்த அனுமதி எப்படிப் பெறப்படுகிறது என்பதைத்தான் நாம் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தோமே! பதிவுக்கு இருபது ரூபாய் என்று விலை வைத்தபின், நிதானமாக விளக்கிச் சொல்ல எவருக்குப் பொறுமை இருக்கும்? மருத்துவக் குறிப்புகளைக் காக்கவென்றே ஒரு தனிச் சட்டத்தின் நகல் 2018இல் வெளியானது. அது சட்டமாகவே இல்லை. 2023இல் வந்த பொதுச் சட்டமோ, காச நோய்க் குறிப்பையும் கடை ரசீதையும் தரம் பிரிக்கவில்லை.

பூட்டு எவ்வளவு உறுதி என்பதையும் பார்த்தோம். 2022 நவம்பர் 23 அன்று டில்லி எய்ம்ஸின் கம்ப்யூட்டர்களைத் திருடர்கள் முடக்கினார்கள். ஏறத்தாழ இரண்டு வாரம் பேனாவும் காகிதமும்தான் அந்த மகா ஆஸ்பத்திரியைக் காத்தன.

அமெரிக்காவும் இந்த வழியில் முன்னே போன நாடு. 2009 சட்டப்படி ஒரு டாக்டருக்கு 44,000 டாலர் வரை கொடுத்தார்கள். பெரும்பாலான ஆஸ்பத்திரிகளுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஆனால் ஒன்றின் குறிப்பை இன்னொன்று படிக்க முடியவில்லை. தகவலை மறித்து வைக்காதே என்று 2016இல் இன்னொரு சட்டம் போட நேர்ந்தது. பொய் சொல்லித் தரச்சான்று வாங்கியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட மென்பொருள் கம்பெனி ஒன்று, 2017இல் 15.5 கோடி டாலர் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொண்டது. பிரான்சில் 1998இல் அட்டை வந்தது. அந்த அட்டைக்குப் பின்னால் 1945 முதல் கட்டியெழுப்பிய சமூகப் பாதுகாப்பு நிதி இருந்தது. புதுவையில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் வீட்டாரைக் கேளுங்கள், சொல்வார்கள். அங்கே அட்டை பணப்பெட்டியின் சாவி. இங்கே சாவியைக் கொடுக்கிறார்கள், பெட்டி எங்கே?

நம் கோரிக்கைகள் பெரியவை அல்ல. ஒப்புதல் வாசகம் தமிழில் இருக்கட்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டட்டும். எண் இல்லை என்பதற்காக எவருக்கும் சீட்டு மறுக்கக் கூடாது. கம்ப்யூட்டரில் ஏறும் ஒவ்வொரு குறிப்புக்கும் காகித நகல் ஒன்று நோயாளி கையில் சேரட்டும். குறிப்பை யார் யார் திறந்து பார்த்தார்கள் என்ற பட்டியல் கேட்டவுடன் கிடைக்கட்டும். அரசு சுகாதார நிலையங்கள் ஈட்டும் ஊக்கத்தொகை மருந்துக்கும் ஊழியருக்கும் செலவாகட்டும்; கணக்கைச் சுவரில் ஒட்டட்டும். முதலாளி கையில் இந்தக் குறிப்பு போகவே கூடாது என்று சட்டம் வரட்டும்.

அதுவரை கிளைத் தோழர்கள் செய்ய வேண்டியது ஒன்று. ஞாயிறு காலை, ரெட்டியார்பாளையத்திலும் முதலியார்பேட்டையிலும் பழைய ஆலைத் தொழிலாளர் வீடுகளுக்குப் போங்கள். மஞ்சள் பையை இறக்கச் சொல்லி, சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி, நகல் எடுத்துக் கொடுங்கள். ரகசிய எண்ணை யார் கேட்டாலும், எதற்கு என்று கேட்காமல் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு வாருங்கள்.