புதுச் சொற்களும் ஆங்கில வகுப்பும்

ஆங்கிலம் கற்பிப்போருள் இரு சாரார் உளர். பாடநூலில் இல்லாத புதுச் சொல்லொன்றை மாணவன் எடுத்து வந்தால், "அஃது ஆங்கிலமே அன்று" எனத் தள்ளிவிடுவோர் ஒரு சாரார். அத்தகைய சொற்களை ஐம்பது ஐம்பதாகப் பட்டியலிட்டு மனனஞ் செய்யக் கொடுப்போர் மற்றொரு சாரார். இவ்விரு வழியும் எங்கள் உருத்திரபுரத்துப் பிள்ளைகளுக்கு உதவா என்பதே என் கருத்து.

இங்குள்ள பிள்ளை ஆங்கிலத்தை வீட்டிலோ வயலிலோ கேட்டு வளர்வதில்லை. அதற்குக் கிடைப்பது வகுப்பறை ஆங்கிலம். அதற்கப்பால், கைத்தொலைபேசி கொண்டுவரும் ஆங்கிலம். முன்னது பரீட்சைக்கு உரியது. பின்னது நாளுக்கொரு சொல்லை ஈன்று தள்ளுவது. இரண்டையும் பிரித்தறியக் கற்பியாவிடின், விளங்காத சொல்லைக் கண்ட பிள்ளை, தனக்கு ஆங்கிலமே வராது என்று முடிவு கட்டிவிடும். நல்ல மாணவர் பலர் வாய்மூடிப் போவது இவ்விடத்திலேதான்.

ஆனால், சொல்லாக்கம் இம்மண்ணின் பிள்ளைகளுக்குப் புதிதா? 'பேக்கரி' என்றிருந்த கடைப்பலகைகளிலே 'வெதுப்பகம்' ஏறியதை வன்னி மக்கள் கண்ணாரக் கண்டனர். வெதுப்புதல் என்ற பழைய வினையோடு 'அகம்' சேர்ந்து பிறந்த சொல் அது. 1905ஆம் ஆண்டளவில் இலண்டன் மாநகரத்து நச்சுப் புகைமூட்டத்துக்கு 'ஸ்மொக்' என்று பெயர் வழங்கலாயிற்று. புகையைக் குறிக்கும் சொல்லின் தலையும் மூடுபனியைக் குறிக்கும் சொல்லின் வாலும் அதில் ஒட்டியுள்ளன. நாம் சொற்களை முழுதாக வைத்து இணைக்கிறோம்; ஆங்கிலேயர் சில வேளை வெட்டி ஒட்டுகின்றனர். இவ்வளவே வேறுபாடு.

இரு சில்லு உழவு இயந்திரத்தை எந்தக் கம்பனி செய்தாலும் எங்கள் கமக்காரருக்கு அது 'லாண்ட்மாஸ்டர்'தான். ஒரு கம்பனியின் வணிகப் பெயர் பொருட்பெயராகிவிட்டது. 'கூகிள்' என்ற நிறுவனப் பெயர் வினைச்சொல்லாகி, 2006இல் ஒக்ஸ்போட் அகராதியில் இடம்பெற்ற வரலாற்றை இந்த உதாரணங்கொண்டு விளக்கினால், பின்வாங்கிலிருக்கும் பையனும் நிமிர்ந்து உட்காருவான்.

எச்சொல் எங்கே தகும் என்பதே கடினமான பாடம். 2013இல் ஒக்ஸ்போட் அகராதியார் ஆண்டின் சொல்லாகத் தெரிந்தெடுத்தது 'செல்பி'. அதிபருக்கு எழுதும் கடிதத்தில் அதனை எழுதலாமா என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். "உன் தோழியோடு கதைக்கும்போது உந்துருளி என்பாயா?" என்று திருப்பிக் கேட்டேன். சிரித்துவிட்டாள். பத்திரிகையிலே உந்துருளி விபத்துக்குள்ளாகிறது. அதை வாசித்த அப்பு, "மோட்டச்சைக்கிள் அடிபட்டதாம்" என்கிறார். இந்த நுட்பத்தைத் தாய்மொழியில் அறிந்த பிள்ளைக்கு நாம் புதிதாகச் சொல்ல வேண்டியது சிறிதே.

புதுச் சொற்கள் எல்லாம் நிலைப்பதில்லை என்பதையும் உடன் சொல்லவேண்டும். எதிர்பாராத நற்பேற்றைக் குறிக்கும் 'செரண்டிபிற்றி' என்ற சொல்லை 1754இல் ஹொரஸ் வால்போல் ஒரு கடிதத்தில் ஆக்கினார். செரண்டிப் என்ற நம் தீவின் பழம்பெயரே அதற்கு வேர். நெடுங்காலம் அறிவார் அருகிக் கிடந்து, இருபதாம் நூற்றாண்டிலேதான் அது பரவலாயிற்று. ஆகவே, நேற்றுப் பிறந்த சொல்லை இன்று மனனஞ் செய்விப்பதில் என்ன பயன்?

"இலக்கணமே வராத பிள்ளைக்கு இவையெல்லாம் எதற்கு?" என்று நண்பர் சிலர் வினவுவர். வாரத்துக்கு ஒரு சொல், பத்து நிமிடம். அதற்குமேல் நானும் கேட்கவில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் இலக்கணமும் வந்துவிடும். வினையானதும் 'கூகிள்', ஒழுங்கான வினைகள் ஏற்கும் இறந்தகால விகுதியையே தானும் ஏற்றது. ஒழுங்கற்ற வினைகளின் நீண்ட அட்டவணையைக் கண்டு அஞ்சும் பிள்ளைக்கு இதனை எடுத்துக் காட்டுங்கள். புதிதாகப் பிறக்கும் வினைகளுள் அவ்வட்டவணையிற் போய்ச் சேர்வது மிக அரிது.