மல்லிகைக்கு வீடு மாற்றம்

"எங்கள் அம்மா கையால் வைத்த குண்டு மல்லி. கிராமத்து வீட்டை விற்றபோது பாத்திரம் பண்டமெல்லாம் பங்காகிப் போய்விட்டது. நான் இந்தத் தொட்டியை மட்டும் தூக்கிக் கொண்டு வந்தேன். ஆறு வருஷமாகிறது. முதலில் தலை நிறையப் பூத்தது. போன கோடையில் எண்ணிப் பத்துப் பூ. தொட்டியை மாற்று என்கிறார்கள் பக்கத்து வீட்டில். மாற்றப் போய் அது பட்டுப் போனால் நான் என்ன செய்வேன்?" என்று ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்.

பயம் நியாயமானதுதான். ஆனால் மாற்றாமலே விட்டாலும் அந்தச் செடி நெடுநாள் தாங்காது. தொட்டிச் செடிக்கு உலகமே அந்த ஒரு சாண் மண்தானே! ஆறு வருஷத்தில் வேர் சுற்றிச் சுற்றி மண்ணின் இடத்தையெல்லாம் பிடித்துக் கொண்டிருக்கும். ஊற்றுகிற தண்ணீர் தங்குவதற்கு இடமில்லை. எருவைக் கொட்டினாலும் பிரயோஜனமில்லை.

அதற்காக, பூக்கவில்லை என்றதும் கொத்துக் கரண்டியைத் தூக்கிவிடாதீர்கள். முதலில் வெயிலைப் பாருங்கள். மல்லிகைக்கு நாளைக்கு ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். எதிரே புதிதாக ஒரு மாடிக் கட்டடம் எழும்பி, உங்கள் பால்கனி நிழலில் விழுந்திருந்தால், வெள்ளித் தொட்டியில் வைத்தாலும் அது பூக்காது.

வெயிலில் குறைவில்லையா? அப்படியானால் தொட்டியைச் சாய்த்து அடித் துவாரத்தைப் பாருங்கள். வேர் வெளியே எட்டிப் பார்க்கிறதா? ஊற்றிய தண்ணீர் நிற்காமல் கீழே ஓடிவிடுகிறதா? காலையில் நனைத்த செடி மாலைக்குள் வாடித் தொங்குகிறதா? எருப் போட்டும் இலை சிறுத்து வெளுக்கிறதா? இவற்றில் இரண்டு இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

காலம் முக்கியம். மொட்டு விட்டிருக்கும் பங்குனி, சித்திரையில் கையே வைக்கக் கூடாது. கத்திரி வெயிலில் அதை விடக் கூடாது. அடைமழை ஓய்ந்து, மார்கழி பிற்பாதியிலிருந்து தை மாதத்துக்குள் செய்வதுதான் உத்தமம். மல்லிகையைக் கவாத்து செய்கிற பருவமும் ஏறக்குறைய அதுதான். இரண்டையும் ஒன்றாக முடித்துவிட்டால் கோடைக்குள் புதுக் கிளையும் மொட்டும் வந்துவிடும்.

கடிதம் எழுதிய சகோதரி அதற்கு முன்பே ஒரு காரியம் செய்துவிட வேண்டும். ஆவணி, புரட்டாசியில் தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து, ஒரு கணுவின் அடிப்புறத்தை லேசாகச் சீவி, பக்கத்தில் வைத்த சின்னத் தொட்டி மண்ணில் புதைத்து மேலே ஒரு கல்லை வைத்து விடட்டும். மண் காயக் கூடாது. இரண்டு மூன்று மாதத்தில் கணு வேர் பிடித்துவிடும். பிறகு தாயிடமிருந்து அறுத்துத் தனியாக்கலாம். இதைத்தான் பதியன் போடுவது என்கிறோம். விதையில் வந்த செடி போல் வேறு குணம் காட்டாது. அம்மா வைத்த அதே மல்லிதான் இரண்டு தொட்டியில் இருக்கும். அப்புறம் பெரிய செடியைத் தொடும்போது கை நடுங்காது.

வெட்டிய குச்சியை நட்டும் வேர் பிடிக்க வைக்கலாம். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கு நாற்று போவது ராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடம் பக்கத்திலிருந்துதான். அங்கே மணல் பூமி. அதைக் கண்டு நம் வீட்டுப் பதியன் தொட்டியிலும் மணலைச் சற்றுத் தாராளமாகவே சேருங்கள்.

இனி புதுத் தொட்டி. "பெரிதாக வாங்கிவிட்டால் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை" என்று நினைப்பது, வளர்கிற பிள்ளைக்குச் சட்டை தைக்கிற கணக்கு. செடிக்கு அது ஒத்து வராது. வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கி, வேர் அழுகும். பழைய தொட்டியைவிட விட்டம் இரண்டு அங்குலம் கூடுதலாக இருந்தால் போதும். வாய் குறுகிப் பானை போல் வயிறு பருத்த தொட்டி வேண்டாம். அடுத்த தடவை செடியை வெளியே எடுக்க அதை உடைக்க வேண்டியிருக்கும். புது மண் தொட்டியானால் முதல் நாள் இரவு தண்ணீரில் ஊறப் போடுங்கள். இல்லாவிட்டால் செடிக்கு ஊற்றுவதைத் தொட்டியே குடித்துவிடும்.

செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய எரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, வேப்பம் புண்ணாக்கு ஒரு பிடி. எரு மக்காமல் சூடாக இருந்தால் வேர் வெந்துவிடும். மாடித் தொட்டிக்குப் பாரம் குறைய வேண்டுமென்றால் தென்னை நார்த் தூள் கொஞ்சம் சேர்க்கலாம். உப்புப் போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசிய பிறகு. பதம் சரியா என்று பார்க்கப் பெண்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. புட்டு மாவுப் பதம்! பிடித்தால் பிடிபட வேண்டும். தட்டினால் உதிர வேண்டும்.

அடியில் கூழாங்கல்லை நாலு விரல் உயரம் பரப்புகிற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அது தண்ணீர் வடிய உதவுவதில்லை. கல்லுக்கு மேலே உள்ள மண்ணில் ஈரம் அப்படியே தேங்கி நிற்கும். வேருக்குள்ள இடமும் குறையும். துவாரத்தின் மேல் ஓட்டுச்சில் ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் போதும்.

முதல் நாள் செடிக்குத் தண்ணீர் விட்டு வையுங்கள். மறுநாள் மாலை, வெயில் தாழ்ந்ததும் ஆரம்பிக்கலாம். இதற்கு இரண்டு பேர் வேண்டும். உதவிக்கு வரும் வீட்டுக்காரர் தண்டைப் பிடித்து இழுக்காமல் பார்த்துக் கொள்ளுங்கள். ஆண்களுக்கு எதையும் பிடுங்கித்தான் பழக்கம். தண்டை விரலிடுக்கில் வைத்து, மண்ணின் மேல் உள்ளங்கையை விரித்துத் தாங்கி, தொட்டியைக் கவிழ்த்து விளிம்பைப் படியில் மெல்லத் தட்டினால் மண்கட்டி அப்படியே கழன்று வரும். வராவிட்டால் ஓரமாக நீளக் கத்தி ஒன்றை விட்டுச் சுற்றி வாருங்கள்.

வெளியே வந்தது ஒரே வேர்ப் பந்தாக இருக்கும். வெளுத்து உறுதியாக இருந்தால் நல்ல வேர். கறுத்துக் கொழகொழவென்று நாற்றம் அடித்தால் அழுகல். அதை முழுக்க நறுக்குங்கள். சுற்றிக் கொண்ட வேரை அப்படியே புது மண்ணில் வைத்தால் அங்கேயும் பழையபடி சுற்றிக் கொண்டே இருக்கும். ஆகையால் கூரான கத்தியால் சுற்றிலும் ஓர் அங்குலம் சீவி, அடியிலும் அவ்வளவே எடுத்து, பக்கவாட்டில் மூன்று நான்கு கீறல் போடுங்கள். குறைத்த வேருக்குச் சரியாக மேலேயும் கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட வேண்டும். பாதி வேர் முழுச் செடிக்குத் தண்ணீர் சுமக்க முடியாது, பாவம்.

இவ்வளவு சீவிய பிறகு பழைய தொட்டிக்குள்ளேயே செடியை வைத்துப் புது மண் நிரப்ப இடம் கிடைத்துவிடும். தொட்டி மாற்றுவதென்றால் தொட்டியை மாற்றித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. மண் மாறினால் போதும். ஆகவே அந்தச் சகோதரி விரும்பினால், அம்மாவின் தொட்டியையே நன்றாகத் தேய்த்துக் கழுவிக் காயவைத்துத் திரும்ப உபயோகிக்கலாம்.

முன்பு மண் எந்த மட்டத்தில் தண்டைத் தொட்டதோ அதே மட்டத்துக்கு வையுங்கள். ஆழத்தில் புதைத்தால் தண்டு அழுகும். விளிம்புக்கு ஓர் அங்குலம் கீழே மண் நிற்கட்டும். அடியில் வடிகிற வரை தண்ணீர் ஊற்றி, பத்து நாள் வெளிச்சமான நிழலில் வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்குங்கள். அந்த நாட்களில் மேல் மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர்.

இலை கொட்டும். பதறாதீர்கள். நகத்தால் கிளையை லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. துளிர் வந்து ஒரு மாதம் வரை எரு, உரம் எதுவும் காட்டாதீர்கள்.

கறிவேப்பிலைத் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்கு இவ்வளவு வேர்ச் சீவல் தாங்காது. மண்கட்டி உடையாமல் அப்படியே தூக்கி, ஓர் அளவு பெரிய தொட்டியில் இறக்கிவிடுங்கள். இரண்டு மாதம் குழம்புக்குக் கறிவேப்பிலையைக் கடையில் வாங்கிக் கொள்ளலாம்.