இரண்டாம் நூற்பாவைத் தாண்டியவர்கள்

அண்மையில் நாம் கலந்துகொண்ட இலக்கியக் கூட்டமொன்றில், தமிழறிந்த நண்பர் ஒருவர், வழக்கறிஞர் அறையில் மாலை மாற்றிக்கொள்ளும் இளையோரைப் பற்றிப் பேசினார். பெற்றோர் அறியாமல், ஊர் அறியாமல் நடப்பது திருமணமே ஆகாது. பொய்மை பெருகியதால்தான் பெரியோர் கரணத்தை வகுத்தனர் என்று தொல்காப்பியரே சொல்லிவிட்டார் என்றார். அவையில் கைதட்டல் எழுந்தது. நாமும் அங்கே வாய்மூடித்தான் அமர்ந்திருந்தோம். அன்று சொல்லத் தவறியதை இப்போது எழுதுகிறோம்.

நண்பர் சுட்டியது கற்பியலின் நான்காம் நூற்பா. அதை அடைய இரண்டாம் நூற்பாவைத் தாண்டித்தானே வரவேண்டும்? தலைவனும் தலைவியும் உடன்போன இடத்தில், பெண்ணைக் கொடுப்பதற்கு உரியவர்கள் இல்லாமலும் கரணம் நிகழும் என்பது அங்கே இருக்கிறது. முதுகலை வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிற பாடம் இது. மேடையேறியதும் மறந்துபோவது எப்படி?

நான்காம் நூற்பாவாவது அவருக்குத் துணை நிற்கிறதா என்றால், அதுவுமில்லை. செய்துவிட்டு இல்லை என்பதும், ஏற்றுக்கொண்டதில் நிலைக்காமல் நழுவுவதும்தான் அங்கே பேசப்படும் பொய்யும் பிழையும். நழுவுகிறவனைக் கட்டுவதற்கு வந்த சாட்சியம் கரணம். அதைப் பெற்றோர் வழங்கும் அனுமதிச்சீட்டாக மாற்றியது நம் காலத்துச் சாதி அச்சம்; தொல்காப்பியர் மீது அந்தப் பழியைப் போடவேண்டாம்.

சட்டத்தின் கதையும் இதையொட்டியதே. 1920களின் இறுதியிலிருந்து புரோகிதரின்றி நடந்துவந்த சுயமரியாதைத் திருமணத்தை, 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் செல்லாது என்றது. அண்ணா முதலமைச்சரான 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் அல்லது வேறு நபர்கள் முன்னிலையில், ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகத் தமக்குப் புரியும் மொழியில் அறிவிக்கலாம். அல்லது மாலையோ மோதிரமோ அணிவிக்கலாம். அல்லது தாலி கட்டலாம். இலக்கணம் கற்பிக்கும் நமக்கு, இந்த 'அல்லது'வைப் போல ஆற்றல் மிக்க இடைச்சொல் வேறொன்று கண்ணில் பட்டதில்லை. அந்த இடத்தில் ஓர் 'உம்' இருந்திருந்தால் தாலி கட்டாயமாகியிருக்கும்.

இந்தப் பிரிவு யாரைக் கட்டியது என்பதற்கு 2001இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த தமிழ்நாட்டு வழக்கொன்று சான்று. முதல் மனைவி உயிரோடிருக்க, ஒருவர் கோயிலில் இன்னொருத்தியை மணந்தார். மனைவி வழக்குத் தொடுத்தபோது அவர் தரப்பு வாதம் என்ன தெரியுமா? தீ வலம் வந்து ஏழடி வைக்கவில்லையாம். ஆகவே இரண்டாவது மணம் மணமே அல்லவாம். ஆகவே இருதார மணக் குற்றமும் இல்லையாம்! கீழ் நீதிமன்றம் அவரை விடுவித்தும்விட்டது. 7-ஏ பிரிவின்படி அந்த மணம் முறையானதே, குற்றமும் குற்றமே என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சடங்கின் குறையைச் சொல்லி நழுவப் பார்த்தவரை எளிய மணமுறை பிடித்துக்கொண்டது. இந்த வழக்கை எந்த மேடையிலும் நாம் கேட்டதில்லை.

மேடையில் கேட்பதெல்லாம் 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பு. வழக்கறிஞர் அறைகளில் மறைவாக நடக்கும் திருமணங்கள் 7-ஏ பிரிவின்கீழ் செல்லா என்று சென்னை உயர் நீதிமன்றம் அப்போது கூறியது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தக் கருத்தைத் தள்ளிவிட்டதை நண்பர் அறியவில்லை போலும். ஊரறிய அறிவித்தல் கட்டாயமில்லை, அப்படி அறிவிப்பது மணமக்களின் உயிருக்கே ஆபத்தாகலாம், வழக்கறிஞர் தம் தொழிற்பொறுப்பில் அல்லாமல் நண்பராகவோ உறவினராகவோ முன்னிற்கலாம் என்பது இன்றைய நிலை. உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில் நடந்ததை அறிந்த எவருக்கும் 'ஊரறிய' என்ற சொல் அத்தனை எளிதாக வாயில் வராது.

நம்மிடம் படித்த மாணவியொருத்தி சென்ற ஆண்டு தேடி வந்தாள். "ஐயா, மாலை மாத்திக்கிட்டோம். மண்டப ரசீது இருக்கா, பத்திரிகை இருக்கான்னு கேக்கறாங்க. எங்க கல்யாணம் செல்லாதா?" பதிவுச் சான்று இல்லாததாலேயே இந்து திருமணம் செல்லாமற் போவதில்லை, சட்டத்தின் 8ஆம் பிரிவே அப்படிச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கியிருப்பதால் செய்துவிடுவதே நல்லது. மறுபுறம், மணமுறை எதுவும் நிகழாமல் சான்று மட்டும் வாங்குவதால் மணமாகிவிடாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே மாலை மாற்றியதற்கான நிழற்படமும் உடனிருந்த நண்பர்களின் பெயர்களும் பத்திரமாக இருக்கட்டும் என்றோம். அவள் தோழியின் நிலை இன்னும் கடினம். பையன் வேறு மதம். 7-ஏ இருவரும் இந்துக்களாக இருந்தால்தான் பொருந்தும். மதம் மாறாமல் மணக்க 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தை நாடவேண்டும். அது கேட்கும் 30 நாள் அறிவிப்போ, தேடி வருபவர்களுக்கு முகவரியைத் தருகிறது.

'இப்படிச் சேர்ந்தவர்கள் இப்படியே பிரிந்துவிடுவார்கள்' என்ற ஏளனமும் அன்று எழுந்தது. 7-ஏ மணத்தை முறிக்கவும் நீதிமன்றம்தான் செல்லவேண்டும். ஏழடி வைத்தவர்களுக்கும் மாலை மாற்றியவர்களுக்கும் ஒரே மணமுறிவுச் சட்டம். வழக்கத்தால் நிலைபெற்ற மணமுறிவையும் அச்சட்டத்தின் 29ஆம் பிரிவு காக்கிறது. அறுத்துக் கட்டும் வழக்கம் பல சாதிகளில் இருந்ததை மறந்துவிட்டு, மணமுறிவு மேற்கிலிருந்து வந்தது என்று பேசுவோரைக் கண்டால் சலிப்பே மிஞ்சுகிறது.

மணமின்றிச் சேர்ந்து வாழும் பெண்ணுக்கோ, உறவு மணத்தின் தன்மையுடையதாக இருந்தால், 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் காப்பளிக்கிறது. இது பற்றிய 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பு கோவையில் தொடங்கிய வழக்கொன்றில் வந்தது. 'வைப்பு' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல் அதில் இடம்பெற்றதைக் கண்டு எதிர்ப்புத் தெரிவித்தவர், அன்று கூடுதல் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்த இந்திரா ஜெய்சிங். சொல்லாராய்ந்தே சம்பளம் வாங்கும் நம் துறையினர் யாரும் அப்போது பேனா எடுத்ததாக நமக்கு நினைவில்லை. நம்மையும் சேர்த்தே சொல்கிறோம்.

அடுத்த கூட்டத்துக்கும் நண்பரே பேச்சாளர் என்று அழைப்பு வந்திருக்கிறது. கற்பியல் இரண்டாம் நூற்பாவுக்கு அவர் உரை சொல்லட்டும். முன்வரிசையில் அமர்ந்து கேட்போம். இம்முறை வாய்மூடி இருக்கமாட்டோம்.