சொல்லைப் பிரித்தவர் யார்?

இலக்கியத் துறையும் கணினித் துறையும் கைகோத்துச் செய்யும் ஆய்வுகளில் ஒரு வாக்கியம் அடிக்கடி கண்ணில் படுகிறது: பனுவல்கள் சுத்தம் செய்யப்பட்டுப் பயன்படுத்தப்பட்டன. எந்தப் பதிப்பு, எவருடைய சொற்பிரிப்பு, எவையெல்லாம் நீக்கப்பட்டன என்பதற்கெல்லாம் சேர்த்து அந்த ஒற்றை வாக்கியம்தான். பிறகு பக்கம் பக்கமாக வழிமுறை, அட்டவணை, துல்லிய விழுக்காடு. எங்கள் சண்டை அந்த ஒற்றை வாக்கியத்தோடு.

சங்க இலக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். ஏட்டுச்சுவடியில் பெரும்பாலும் புள்ளி இல்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு தெரியாது. ரகரமும் காலும் ஒரே உருவம். சொற்களுக்கு நடுவே இடைவெளியும் கிடையாது. 1894இல் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சேற்றியபோது அடிதோறும் ஒரு தீர்ப்பு வழங்க வேண்டியிருந்தது. 1940இல் வையாபுரிப் பிள்ளை சங்க நூல்களைத் தொகுத்தளித்தபோதும், பின்னர் மர்ரே எஸ். ராஜம் சந்தி பிரித்த மலிவுப் பதிப்புகளை வெளியிட்டபோதும் அத்தகைய தீர்ப்புகள் தொடர்ந்தன. சீர் பிரித்த பதிப்பைக் கணினிக்குக் கொடுத்தால் அது எண்ணுவது சீர்களை. சந்தி பிரித்த பதிப்பைக் கொடுத்தால் அது எண்ணுவது பிரித்தவருடைய இலக்கணத்தை. இரண்டில் எதையும் எண்ணலாம்; எதை எண்ணினோம் என்று சொல்லாமல் 'சங்கச் சொற்களின் எண்ணிக்கை' என்று அறிவிப்பது மட்டும் கூடாது.

எழுத்துக்கு இறங்கினாலும் இதே கதைதான். யூனிகோடில் 'க' ஒரு குறியீடு, 'க்' இரண்டு. தொல்காப்பியரிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம்! 2005இல் 'ஶ' சேர்க்கப்பட்ட பிறகு திருவைக் குறிக்கும் 'ஸ்ரீ'யை இரண்டு விதமாகக் குறியேற்ற முடிகிறது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது தேடலுக்கு இரண்டு. கணினியாளர் இதை அறியாதவர் அல்லர். ஆனால் இரண்டையும் ஒன்றாக்குவதா, வேறாகவே வைப்பதா என்பது பனுவலை அறிந்தவர் உடனிருந்து முடிவுசெய்ய வேண்டியது. நடப்பதோ வேறு: கடைசியில் கூப்பிட்டு, விடைகள் சரியா என்று பார்க்கச் சொல்கிறார்கள்.

இந்த வழக்கத்துக்கு வயது அதிகம். தாமஸ் அக்வினாஸின் நூல்களுக்குச் சொல்லடைவு செய்வதற்காக 1949இல் இத்தாலிய ஏசுசபைத் துறவி ராபர்ட்டோ பூசா ஐபிஎம் தலைவர் தாமஸ் வாட்சனைச் சந்தித்தார். அதிலிருந்து பிறந்த வேலை 56 தொகுதிகளாக அச்சாகி முடிய ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. பூசாவின் பெயரில் இன்று விருதே இருக்கிறது. அந்த லத்தீனைத் துளை அட்டைகளில் ஏற்றிய இளம்பெண்களின் பெயர்களைத் தேட மெலிஸா டெராஸும் ஜூலியன் நைஹனும் முனைந்தது 2010களில்தான்.

நம் பக்கமும் பார்ப்போம். 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களில் தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் தலைப்பிலேயே இருக்கின்றன. சுத்தம் செய்வதென்றால் முதலில் வெட்டப்படுவது அந்தத் தலைப்புதான்.

தமிழ்த் துறையினருக்கு இதைப் படித்து மகிழ உரிமை இல்லை. கணினித் துறைக்காரரை இணையதளம் கட்டித் தரும் கொத்தனாராகவே நினைத்து, அவர் வழிமுறையின் அரிச்சுவடியைக் கூடக் கற்க மறுத்து, பிறகு இயந்திரத்துக்கு ரசனை இல்லை என்று புலம்புவோர் அங்கே நிறைய. தாமஸ் லேமனும் தாமஸ் மால்டனும் 1990களின் தொடக்கத்தில் வெளியிட்ட சங்க இலக்கியச் சொல்லடைவைப் புரட்டிப் பார்க்கட்டும். மொழியறிவும் கணினியும் ஒரே மேசையில் அமர்ந்தால் எத்தகைய கருவி கிடைக்கும் என்பது அதில் தெரியும்.

நாங்கள் கேட்பது பெரிதல்ல. அடிப்படைப் பதிப்பின் பெயரும் ஆண்டும் கட்டுரையில் வரட்டும். சொற்பிரிப்பு விதிகளைத் தரவோடு சேர்த்து வெளியிடட்டும். பாடவேறுபாடுகளை அழிக்காமல் வைத்திருக்கட்டும். பிரித்தவர்களின் பெயர்கள் நன்றியுரையிலிருந்து ஆசிரியர் வரிசைக்கு ஏறட்டும்.