கடைசல் உளியும் கொல்லன் உலையும்

கடைசல் வேலை செய்கிறவருக்குத் தன் உளியைத் தானே செய்துகொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். குறைந்தபட்சம் கொல்லர் உலைக்குப் பக்கத்தில் நின்று, ஓர் உளி பிறப்பதை ஒரு முறையாவது பார்த்திருக்க வேண்டும். இதுதான் இன்று நான் சொல்ல வந்தது. செல்போனில் விரலால் தொட்டால் உளிப்பெட்டி வீட்டு வாசலுக்கு வருகிற காலத்தில் இந்தக் கிழவன் ஏன் உலை, துருத்தி என்று பேசுகிறான் என்பீர்கள். காரணம் இருக்கிறது.

கடைசல் என்றால் என்ன என்று என் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கட்டில் கால், தொட்டில் கம்பு, மோர் மத்து, பம்பரம், சப்பாத்திக் கட்டை, சொப்புச் சாமான் எல்லாம் கடைசல்தான். சுற்றுகிற மரத்தில் உளியைக் காட்டி உருட்டி எடுக்கிற வேலை. நான் சிறுவனாக இருந்தபோது பார்த்தது கயிற்றுப் பட்டறை. ஒருவர் கயிற்றை இழுப்பார், இன்னொருவர் உளி பிடிப்பார். இப்போது அரைக் குதிரைத்திறன் மோட்டார் வந்துவிட்டது. மரம் சுற்றுகிற விதம் மாறியிருக்கிறது. உளியின் வேலை மாறவில்லை.

வருவாய்த் துறையில் கோப்பு கட்டியே காலம் கழித்தவன் நான். ஓய்வுக்குப் பிறகுதான் வீட்டுப் பின்கட்டில் ஒரு சின்னக் கடைசல் இயந்திரம் போட்டேன். முதல் உளியைக் கடையில் வாங்கினேன். இரண்டாவதை பாகூர் கொம்யூனில் ஒரு கொல்லர் பட்டறையில், லாரியின் ஸ்பிரிங் பட்டையிலிருந்து அடித்து வாங்கினேன். அன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் கற்றுக்கொண்டதை எந்தக் கடையும் எனக்கு விற்றிருக்காது.

ஸ்பிரிங் பட்டை நல்ல எஃகு. நூற்றுக்கு அரைப் பங்கு அல்லது அதற்குச் சற்று மேல் கரி அதில் இருக்கும். முதலில் அதைச் சிவக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து, இரவு முழுக்க மெதுவாக ஆற விட்டார். அப்போதுதான் அரம் பிடிக்கும். மறுநாள் அடித்து, அராவி, உருவம் கொடுத்தார். பிறகு மறுபடியும் உலை. எவ்வளவு காய வேண்டும் என்று கேட்டேன். ஒரு பழைய ஒலிபெருக்கிக் காந்தத்தைக் காட்டினார். காந்தம் ஒட்டாமல் போகிற இடம், அதற்கு மேல் ஒரு மூச்சு. புத்தகக் கணக்கில் காந்தம் விடுகிற இடம் சுமார் 770 டிகிரி. அவர் டிகிரி பேசவில்லை. எடுத்தார், எண்ணெயில் தோய்த்தார். தோய்ச்சல் என்பது இதைத்தான். இப்போது அரம் வைத்தால் கண்ணாடியில் வழுக்குவது போல வழுக்குகிறது.

வேலை முடிந்தது என்று நான் எழுந்தேன். அவர் உட்காரச் சொன்னார். தோய்ச்சலோடு விட்டால் உளி கண்ணாடி மாதிரி. மரத்தில் மாட்டினால் பட்டென்று ஒடியும். கொஞ்சம் பதம் இறக்க வேண்டும். வாயைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, வால் பக்கமிருந்து மெல்லச் சூடு ஏற்றினால் எஃகின் மேல் நிறம் ஊர்ந்து வரும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு புறாக் கழுத்து, கடைசியில் நீலம். கடைசல் உளிக்கு வைக்கோல் நிறம் வாய்க்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். அது ஏறக்குறைய 225 டிகிரி. நீலம் வரை விட்டால் அது மறுபடியும் ஸ்பிரிங்தான், உளி அல்ல. இந்த நிறங்களை வெயிலில் பார்க்க முடியாது. அதனால்தான் கொல்லர் பட்டறை எப்போதும் கொஞ்சம் இருட்டாகவே இருக்கிறது.

பிரெஞ்சில் படித்தவனுக்கு இங்கே ஒரு வேடிக்கை. பிரெஞ்சுக்காரன் தோய்க்கிற சூட்டை 'ரூழ் செரீஸ்' என்பான். செர்ரிப் பழச் சிவப்பு. பாகூரில் செர்ரியை யார் கண்டது? நமக்குக் கோவைப்பழம். ஆனால் பதத்தின் நிறங்களில் அவனும் 'ழோன் பாய்' என்று வைக்கோல் மஞ்சளைத்தான் சொல்கிறான், 'கோர்ழ் து பிழோன்' என்று புறாக் கழுத்தைத்தான் சொல்கிறான். பதம் இறக்குவதற்கு அவன் வைத்திருக்கும் பெயர் 'ரெவெனு'. எங்கள் அலுவலகத்துப் பழைய தாள்களில் அந்தச் சொல்லுக்கு வருமானம் என்று பொருள். திரும்பி வந்தது என்பது சொல்லின் நேர்ப்பொருள். ஒரு சொல்லை வாழ்நாள் முழுக்க எழுதிவிட்டு, அதன் இன்னொரு பொருளை ஓய்வுக்குப் பிறகு ஓர் உலைக்களத்தில் தெரிந்துகொண்டேன்.

கடைசலைப் பற்றி முதல் முழு நூலை எழுதியவரும் பிரெஞ்சுக்காரர்தான். ஷார்ல் ப்ளுமியே என்ற துறவி, 1701-ல் லியோனில் அச்சிட்டார். பிரெஞ்சும் லத்தீனும் கலந்த நூல், உளிகளின் படங்களோடு. அவர் தாவரவியலாளரும்கூட. கோயில் வாசல்களில் நிற்கும் ஈழத்தலரியை நர்சரியில் 'ப்ளுமேரியா' என்று விற்கிறார்களே, அது அவர் பெயர்தான். ஒரு சாமியார் உளியைப் பற்றி எழுதுவதை மரியாதைக் குறைவாக நினைக்கவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள்தான் உலைக்களம் என்றால் முகம் சுளிக்கிறார்கள்.

இப்போது எதிர்க்கட்சி வாதத்துக்கும் இடம் கொடுக்கிறேன். "எச்.எஸ்.எஸ். உளி கடையில் கிடைக்கிறது. சூடேறினாலும் கூர் போகாது. பிறகு கொல்லர் எதற்கு?" உண்மைதான். ஹைஸ்பீடு எஃகு கிட்டத்தட்டச் செம்மை படர்கிற சூட்டிலும் கடினம் விடாது. நம் ஸ்பிரிங் உளியோ சாணையில் ஒரு கணம் அசந்து நீலமாகிவிட்டால் போச்சு. என்னிடமும் எச்.எஸ்.எஸ். இருக்கிறது. ஆனால் அதற்கும் பெட்டி உளி தேவையில்லை. இரும்பு லேத் கடையில் 8 மில்லி, 10 மில்லி சதுரத் துண்டாக டூல்பிட் கிடைக்கும். அது ஏற்கெனவே பதம் போட்டு வருவது. சாணையில் வடிவம் கொடுத்து, ஒரு சாதா இரும்புக் கம்பியின் முனையில் துளை போட்டுத் திருகால் இறுக்கி, பூவரசில் ஒரு முழ நீளப் பிடி கடைந்து, வாயில் பூண் போட்டால் உளி தயார். அதை மட்டும் உலையில் வைத்து அடிக்கப் போகாதீர்கள். அதன் தோய்ச்சலுக்கு 1200 டிகிரி அளவில் சூடு வேண்டும். கிராமத்து உலைக்கு அது ஆகாத வேலை.

கடை உளியின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. அதன் வடிவம் யாரோ ஒருவருடைய மரத்துக்காக, யாரோ ஒருவருடைய கைக்காகச் செய்தது. புதுச்சேரியின் பழைய வீடுகளில் மாடிப்படிக் கைப்பிடிக்குக் கீழே வரிசையாகக் கடைசல் கால்கள் நிற்கும். அதில் ஒன்று உடைந்தால் மற்றவற்றின் வளைவுக்கு ஒத்து ஒன்று கடைய வேண்டும. அந்த வளைவு எந்தப் பெட்டியிலும் வராது. பட்டையை அந்த வளைவுக்கு அராவி, தோய்த்து, பதம் இறக்கத் தெரிந்தவருக்குத்தான் அந்த வேலை கிடைக்கும். எங்கள் பக்கத்தில் நல்ல கைவேலைக்காரப் பையன் ஒருவன், உளி ஒடிந்து புது உளி வந்து சேர்வதற்குள், 24 கட்டில் கால் ஆர்டரை இழந்தான். சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் உலை இருந்தது. அங்கே போகலாம் என்பதே அவனுக்குத் தோன்றவில்லை.

அறியாமை உயிருக்கும் ஆபத்து. பழைய அரத்தைச் சாணை பிடித்து அப்படியே கடைசல் உளியாக்கிக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அரம் மிகக் கடினமான எஃகு, பதம் இறக்காதது. சுற்றுகிற மரம் ஒரு முறை கவ்வினால் ஒடிந்து முகத்துக்கு வரும். இன்னொரு கூட்டம் வீடு கட்டும் முறுக்குக் கம்பியில் உளி செய்கிறது. அதில் கரி போதாது. எவ்வளவு தோய்த்தாலும் கூர் நிற்காது. எந்த இரும்பு எது என்று சாணைக்கல்லே சொல்லிவிடும். சாதா இரும்பின் பொறி நீளமாக ஓடும், அதிகம் வெடிக்காது. கரி மிகுந்த எஃகு மத்தாப்பு போலப் பூக்கும். எச்.எஸ்.எஸ். மங்கிய சிவப்பில் சில இழைகளை மட்டும் விடும். கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். ஸ்பிரிங் பட்டையிலும் வெடிப்பு விட்டதை ஒதுக்கிவிடுங்கள்.

வெளிநாட்டு உளிதான் உளி என்கிறவர்களுக்கு ஒரு செய்தி. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு உளிகளுக்கு நல்ல பெயர் உண்டு. 1830-களில் நம் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற வெள்ளைக்காரர்தான் ஊர் திரும்பி, எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-ல் காப்புரிமை பெற்றார். பலன் ஷெஃபீல்டுக்குப் போனது. அவர் காலம் வழக்காடியே முடிந்தது. உருக்கு நமக்கு அந்நியமான சரக்கல்ல.

அரசாங்க ஊழியனாக இருந்தவன் அரசாங்கத்திடமும் ஒன்று கேட்க வேண்டும். 2023 செப்டம்பர் 17-ல் மத்திய அரசு பி.எம். விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. 18 தொழில்கள். தச்சர், கொல்லர், பொம்மை செய்பவர் எல்லாம் உண்டு. சுத்தியலும் கருவிகளும் செய்பவருக்கே தனியாக ஓர் இனம் உண்டு. கருவிப் பெட்டிக்கு 15,000 ரூபாய் வரை, பயிற்சி நாளுக்கு 500 ரூபாய். நல்ல திட்டம். ஆனால் தாளில் தச்சர் ஒரு கட்டம், கருவி செய்பவர் வேறு கட்டம். இருவரும் சந்திப்பதே இல்லை. அடிப்படைப் பயிற்சி நாட்களில் இரண்டை மரவேலைக்காரர்கள் கொல்லர் பட்டறையில் கழிக்கட்டும். அந்த இரண்டு நாளுக்குக் கொல்லருக்கு ஆசிரியர் சம்பளம் கொடுக்கட்டும். பெட்டி ஐந்தாறு வருடத்தில் தேய்ந்துவிடும். உளி செய்யத் தெரிந்தவர் வீட்டில் உளி தீராது.

இது அவசரம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் சொன்ன கொல்லருக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம். மகன்கள் இருவரும் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். துருத்தி இழுக்க ஆள் இல்லாத நாளில் உலை மூட்டுவதில்லை. காந்தம் எந்த இடத்தில் விடும், வைக்கோல் நிறம் எப்போது வாய்க்கு வரும் என்பதெல்லாம் அவர் கண்ணில் இருக்கிறது, எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

பின்கட்டில் மோட்டார் போட்டு மரம் கடைகிற ஓய்வூதியர்கள் நம்மில் சிலர் இருக்கிறீர்கள். பழைய இரும்புக் கடையில் ஒரு ஸ்பிரிங் பட்டை வாங்குங்கள். உங்கள் ஊர்க் கொல்லரிடம் காலையில் வெயில் ஏறுவதற்கு முன் போங்கள். என்னிடம் அவர் ஓர் உளிக்கு 300 ரூபாய் கேட்டார். நீங்கள் 500 கொடுங்கள். லீவில் இருக்கிற பேரனையும் கூட்டிக்கொண்டு போய்த் துருத்தியை அவன் கையில் கொடுங்கள்.