போடிக்குச் சின்னம் வரையணும்னா குனியணும்

சிம்போசியத்துக்கு லோகோ செய்யும் வேலையை என் தலையில் கட்டினார்கள். மாதிரி தேடப் போன நான் போர்ச்சுகலில் மாட்டிக்கொண்டேன். அங்கே நகராட்சிகளுக்கெல்லாம் சொந்தமாகக் கேடயச் சின்னமும் கொடியும் உண்டு. அதுவும் இஷ்டத்துக்கு இல்லை. கேடயத்தின் மேல் கோட்டை மதில் மாதிரி ஒரு கிரீடம். பெரிய நகரம் என்றால் அதில் 5 கோபுரம், சின்ன டவுன் என்றால் 4. நிறம் வெள்ளி, தலைநகர் லிஸ்பனுக்கு மட்டும் தங்கம். மெக்கானிக்கல்காரர்களுக்கு ரொம்பப் பிடிக்கும், அப்படியே ஸ்பெசிஃபிகேஷன் ஷீட்!

நமக்கு என்ன இருக்கு? மீன், புலி, வில் எல்லாம் மூவேந்தரோடு போயாச்சு. கோபுரச் சின்னம் 1949-இல் வந்தது, அது மாநிலம் முழுவதற்கும். 1970-இல் கலைஞர் மாநிலத்துக்குத் தனிக்கொடி வேண்டும் என்று மாதிரியே வெளியிட்டார். அது கம்பம் ஏறவில்லை. போடிக்காரி நான், இந்த 21 வருஷத்தில் 'இது எங்க ஊர்ச் சின்னம்' என்று காட்ட ஒன்றைப் பார்த்ததில்லை.

அதனால் ஒன்று வரைவோம் என்கிறேன். உடனே நீங்கள் 'ஏலக்காய்' என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஃபுஞ்சாலைப் பார்க்கும் வரை. மதெய்ராத் தீவின் தலைநகர் அது. அதன் கேடயத்தில் 5 சர்க்கரைக் கூம்புகள், கூடவே திராட்சைக் குலைகள். அழகுதான். ஆனால் அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்கள் கேடயத்தில் எங்கேயும் இல்லை. சரக்கு மட்டும் தங்க நிறத்தில் நிற்கிறது.

நாமும் அதைத்தான் செய்வோம். பச்சைக் காய் ஒன்று, பின்னால் மலை, முடிந்தது. தோட்டங்களில் பெரும்பகுதி போடிமெட்டு தாண்டி, 1956-இல் கேரளாவோடு போன இடுக்கிப் பக்கம். ஏலம் நடப்பது இங்கே, ஸ்பைசஸ் போர்டு மையத்தில், கம்ப்யூட்டரில். இரண்டுக்கும் நடுவில், விடியுமுன் ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து மலையேறும் பொம்பளைங்க. எங்க அம்மாச்சியும் அப்படிப் போனவங்கதான்.

கவனித்திருக்கிறீர்களா, நெட்டில் கிடைக்கும் படங்கள் பலவற்றில் ஏலக்காய் மாங்காய் மாதிரி மேலே தொங்கும். உண்மையில் செடி ஆள் உயரம் தாண்டினாலும் சரம் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படரும். காய் தரைக்குப் பக்கத்தில். எல்லாக் காயும் ஒரே நாளில் முற்றாது. முற்றியதாகப் பார்த்துப் பார்த்து எடுக்கணும், அடுத்த சுற்றில் மறுபடியும் வரணும். அத்தனையும் குனிந்தோ குத்தவைத்தோ. அம்மாச்சி இன்னிக்கும் நிமிர்ந்து நடக்காது.

ஆகவே என் கேடயத்தில் மேல்பாதி காலி. கீழ்ப்பாதியில் தூர், சரம், ஊதாக் கோடு போட்ட வெள்ளைப் பூ, காயை நோக்கி நீளும் ஒரு கை. கோபுரக் கிரீடத்துக்குப் பதில் சும்மாடு. நகராட்சி ஏற்குமா தெரியாது. நம்ம இதழின் அட்டையிலாவது போடலாமே, எடிட்டர்?

வரைந்ததை அம்மாச்சிகிட்ட காட்டினேன். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தது.

"எல்லாஞ் சரித்தான்டி. கால்ல அட்டையக் காணோமே?"